பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாருக்குத் துணையாக இருப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கரையில் இருக்கிறது எங்கள் வீடு. ஒன்பது வயது நிரம்பாத எங்கள் மகளை, மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்திருந்த ஓர் ஆடி மாதத்தில், அந்த வாய்க்காலில் பறிகொடுத்தோம். அதற்குப் பின் சில ஆண்டுகள் கழித்து, சுற்றுவட்டாரத்தில் இப்படிப் பிள்ளையை இழந்த வீடுகளுக்கு நானும் என் மனைவியும் போய்வரத் தொடங்கினோம். அந்த வீடுகளின் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் ஆசிரியர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எங்களுக்குத் தெரிந்த அளவில் அவற்றுக்குரிய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

துக்கம் விசாரிக்கப் போனால் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. போகாமல் இருந்துவிடலாமா?

போக வேண்டும். பெரியவர் ஒருவர் காலமானால் நம் பக்கத்தில் யாருக்கும் இந்தத் தயக்கம் வருவதில்லை. மாலை வாங்கிக்கொண்டு போகிறோம், காடுவரை நடக்கிறோம், பதினாறாம் நாள் காரியத்துக்கும் மறக்காமல் போய்த் தலைகாட்டிவிட்டு வருகிறோம். பிள்ளை இறந்த வீட்டில் மட்டும், வாசல்வரை வந்தவர்களும் உள்ளே நுழையத் துணிவில்லாமல் திரும்பிவிடுகிறார்கள். கடைத்தெருவில் எதிரே வந்தவர், எங்களைப் பார்த்ததும் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிட்டதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அவர் மனத்தில் இருந்தது இரக்கம்தான் என்பது இன்று புரிகிறது. ஆனால் அன்று எங்களுக்கு அது ஊர் எங்களை ஒதுக்கிவைத்தது போலவே இருந்தது.

பேசுவதற்கு நல்ல சொற்கள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அப்படிப்பட்ட சொற்கள் எந்த மொழியிலும் இல்லை. ‘என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா’ என்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நம் பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழும் வழக்கத்தையும், இறந்த பிள்ளையின் குறும்பையும் நடையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்பாரி வைக்கும் வழக்கத்தையும் நாகரிகக் குறைவு என்று நினைப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். என் எண்ணத்தில், துக்கத்துக்கு நம் முன்னோர் கண்ட மருந்துகளில் அதற்கு இணையானது வேறில்லை. ஒப்பாரி வைக்கும் கிழவியை ‘சத்தம் போடாதே’ என்று அடக்காதீர்கள்.

உதவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கும் நிலையில் அந்த வீட்டில் யாரும் இருப்பதில்லை. ஆகவே கேட்காமல் செய்யுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைப்பது, வந்தவர்களுக்குக் காபி கலப்பது, மற்றப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சாப்பிடவைப்பது ஆகியவையெல்லாம் யாராவது ஒருவர் எடுத்துச் செய்ய வேண்டிய வேலைகள்.

சொல்லக் கூடாத வார்த்தைகள் என்று ஏதாவது உண்டா?

உண்டு. ‘கடவுளுக்குப் பிடிச்ச பிள்ளை, அதான் கூப்பிட்டுக்கிட்டார்’, ‘உங்களுக்குக் கொடுத்துவைச்சது அவ்வளவுதான்’, ‘இன்னொண்ணு பெத்துக்கிட்டா சரியாயிடும்’, ‘நல்லவேளை, வளர்ந்து ஆளாகிறதுக்கு முன்னாடி போச்சு’, ‘மிச்சம் இருக்கிறதைப் பார்த்து மனசைத் தேத்திக்கோ’ ஆகியவை எங்கள் காதில் விழுந்தவை. சொன்னவர்கள் எல்லாரும் எங்களை நேசித்தவர்கள். ஆயினும் இவை ஒவ்வொன்றும் துக்கத்தை அந்த இடத்திலேயே மூடிவிடும் முயற்சி என்பதால், கேட்பவருக்கு நெஞ்சில் குத்துகிறது.

திருவாரூர்க்காரர்களுக்கு மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லத் தேவையில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் கல்தேர் நிற்கிறது. அரசகுமாரனின் தேர்க்காலில் கன்று மாண்டதும் தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. அமைச்சர்கள், முறைப்படி ஒரு பிராயச்சித்தம் செய்தால் தீர்ந்தது என்று வழி சொன்னார்கள். அரசன் அதை ஏற்கவில்லை. கன்றை இழந்து கதறும் பசுவின் துயரத்துக்கு அது எப்படி ஈடாகும் என்று கேட்டான். மகனைத் தேர்க்காலில் இட்ட கதைமுடிவை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. கையில் தயாராக இருந்த பரிகாரத்தைக் கொண்டு அந்தக் கதறலை அடக்க அவன் மறுத்தானே, துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது அந்த இடம்தான்.

‘எப்படி விட்டீங்க? யார் பார்த்துக்கிட்டிருந்தா?’ என்ற கேள்வியைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். அதைப் பெற்றவர்கள் தம்மைத் தாமே ஒரு நாளைக்கு நூறு முறை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஒருமுறை கூடக் கேட்க வேண்டாம். கண்ணேறு, செய்வினை, ஜாதகக் கோளாறு, மருமகள் வந்த நேரம் என்று காரணம் கண்டுபிடிக்கும் பேச்சு எழுந்தால், வயதில் மூத்தவராக இருக்கும் யாரேனும் ஒருவர் அதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

பிள்ளையின் பெயரைச் சொன்னால் நினைவு வந்து அழமாட்டார்களா?

அழுவார்கள். அந்த நினைவை நீங்கள் கொண்டுவரவில்லை. அது அவர்களைவிட்டு ஒரு நொடியும் போகவே இல்லை. பிள்ளை போன துக்கத்தோடு, அதன் பெயரைச் சொல்லிப் பேச ஆளே இல்லாமல் போன துக்கமும் சேரும்போதுதான் வீடு வீடாக இல்லாமல் போகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து நாட்களுக்குப் பின் உறவினர் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு, பள்ளிக்கூடம் விடும் அந்த நேரத்துக்கு, ஒரு சொம்பில் காபியோடு வந்து என் மனைவியுடன் திண்ணையில் உட்காருவார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் மாவு அரைத்துக்கொண்டுவந்து தோசை வார்க்கும்போது, மகளின் பெயரைச் சொல்லி, ‘அவளுக்குத் தோசை எப்படி இருக்கணும்?’ என்று கேட்டார். என் மனைவி அதுவரை யாரிடமும் பேசாமல் இருந்தவள். ஓரம் முறுகலாக இருக்க வேண்டும், நடுவில் சர்க்கரை தூவி மடிக்க வேண்டும், முதல் தோசையை அவள் தொடவே மாட்டாள், அது கல்லில் ஒட்டும், இரண்டாவதுதான் வேண்டும் என்பாள் என்று சொல்லிக்கொண்டே போய், அழுது, அழுகையினூடே ஒரு தோசையைச் சாப்பிட்டாள். அவள் சாப்பாட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஆகவே பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்களுக்குத் தெரியாத ஏதாவது, உங்கள் கடையில் என்ன மிட்டாய் கேட்கும், உங்கள் பிள்ளையோடு என்ன விளையாடும் என்பதுபோல், உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியில் ஒரு பிறந்தநாள் விழாவின் ஓரத்திலோ பள்ளி ஆண்டுவிழாக் கூட்டத்திலோ அந்தப் பிள்ளையின் படம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, பெற்றவர்களைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவர்களுக்கு இனிமேல் புதிதாகக் கிடைக்கக்கூடியவை அவை மட்டுமே.

சிறு பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, தாய் காட்டுக்கு வரக் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?

சிறு பிள்ளைகளை எரிக்காமல் புதைப்பதும், உடலை ஓரிரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவதும், பால் தெளிப்பதோடு சடங்கை முடித்துவிடுவதும் டெல்டாவில் பல சமூகங்களில் உள்ள வழக்கம். குலத்துக்குக் குலம், ஊருக்கு ஊர் இது மாறும். பெற்றவர்களின் வேதனையை நீட்டிக்கக் கூடாது என்ற எண்ணத்தில் பெரியோர் ஏற்படுத்தியதாக இருக்கலாம். வழக்கத்தைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் சடங்கு சுருங்கும்போது துக்கம் சுருங்குவதில்லை. பெரியவருக்குப் பதினாறு நாள் ஊரே கூடி நின்று ஆற்றிக்கொள்கிற துக்கத்தை, பிள்ளையை இழந்தவள் மறுநாள் காலையிலிருந்தே தனியாகச் சுமக்கும்படி ஆகிவிடுகிறது.

வழக்கத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை பல உள்ளன. அவசரப்படுத்தாதீர்கள். தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும். தலைசீவி, பொட்டு வைத்து, பிடித்த சட்டையைப் போட்டுவிட விரும்பினால் அவளே செய்யட்டும். நாங்கள் போன ஒரு வீட்டில், ஏழு வயதுப் பெண்ணுக்கு இரட்டைச் சடை பின்னி முடிக்கும்வரை, தூக்கப் போகிறவர்களைத் தாய்மாமன் வாசலில் நிறுத்திவைத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் அந்தத் தாய் இன்றும் நன்றியோடு பேசுகிறாள். பார்க்க வேண்டாம் என்று தாய் நினைத்தால் அதையும் மதிக்க வேண்டும், முடிவு அவளுடையது. இடம் எது என்று பின்னால் தெரியும்படி ஒரு செடியோ கல்லோ வைப்பது நல்லது. ஆற்றங்கரையில் அடையாளமில்லாமல் புதைத்துவிட்டுப் பத்து ஆண்டு கழித்து அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும் தந்தையரை எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் இல்லாவிட்டாலும், அன்று நெருங்கியவர்கள் பத்துப் பேர் வந்து, படத்துக்கு விளக்கேற்றி, பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அதற்கு எந்த சாஸ்திரமும் தடை சொல்லாது.

நாகூர், அதிராம்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில், இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையும் அடக்கமும் விரைவாக நடக்கும். துக்கம் காக்க வகுத்திருப்பது மூன்று நாள். வேளாங்கண்ணி, தஞ்சாவூர்ப் பகுதிக் கிறித்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பெரிய ஆறுதல். அன்று கூடவே போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைக்க வேற்று மதத்தவர் தயங்க வேண்டியதில்லை.

பிறந்தவுடனோ வயிற்றிலேயோ இறந்த குழந்தைக்கும் இவ்வளவு துக்கம் இருக்குமா?

இருக்கும். ‘முகம்கூடப் பார்க்கலையே, என்ன பாசம்’ என்று சொல்வோர் அந்தத் தாயின் பத்து மாதத்தை மறந்துவிடுகிறார்கள். அவளுக்கு வளைகாப்பில் வளையல் அடுக்கியது நாம்தானே?

உடல்பற்றிய ஒன்றைக் குடும்பத்தார் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். குழந்தை இல்லாவிட்டாலும் பிரசவமாகி இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். அது தாயை நிலைகுலையச் செய்யும் நேரம். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். குளிர்ந்த துணி ஒற்றடம் வலியைக் குறைக்கும். நெருக்கம் தாங்க முடியாவிட்டால் சிறிதளவு மட்டும் பீய்ச்சிவிடலாம், முழுவதும் எடுத்தால் மேலும் சுரக்கும். இறுக்கிக் கட்டக் கூடாது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் பழக்கம் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. பாலை நிறுத்த மாத்திரைகளும் உள்ளன. அவற்றை மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். காய்ச்சலோ மார்பில் சிவப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலருக்குத் தம் பாலைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுப்பது ஆறுதலாக இருக்கிறது, சிலருக்கு அதை நினைக்கவே முடிவதில்லை, இரண்டும் இயல்பு. பிரசவ வார்டில் மற்றத் தாய்மார்களுக்கும் தொட்டில்களுக்கும் நடுவில் அவளைப் படுக்கவைக்காமல் வேறிடம் தரும்படி செவிலியரிடம் கேளுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால், மகப்பேறு நலச் சட்டவிதிகளின்படி கருச்சிதைவுக்கு ஆறு வார ஊதிய விடுப்பு உண்டு. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு 2022 முதல் உண்டு. இதைக் கேட்டு வாங்கும் தெம்பு அவளுக்கு அப்போது இருக்காது. கணவனோ உடன்பிறந்தவரோ விண்ணப்பத்தை எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கலாம்.

தந்தை ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அவருக்குத் துக்கம் இல்லையா?

நான் அழவில்லை. பந்தலுக்கு யார் சொன்னார்கள், காவல் நிலையத்துக்கு யார் போவது, வந்த கூட்டத்துக்குச் சாப்பாடு எங்கே என்று ஓடிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் நடவுக்கு ஆள் விட்டேன். ஊரார் ‘தைரியமான மனுஷன்’ என்றார்கள். நடவு முடிந்த நாளில், சைக்கிளின் முன்பக்கம் பூட்டியிருந்த அவளுடைய சின்ன இருக்கையைக் கழற்றப் போய், திருகாணி துருப்பிடித்துக் கழலாமல் போனபோது, களத்துமேட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆண்களிடம் வந்து ‘வீட்டில் எப்படி இருக்காங்க?’ என்று மனைவியைப் பற்றிக் கேட்கிறார்கள். ‘நீ எப்படி இருக்கே?’ என்று கேட்பவர்கள் குறைவு. நண்பர்கள் ஆற்றுப் பாலத்துக்கோ டீக்கடைக்கோ கூட்டிக்கொண்டு போய், அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அதுவே பெரிய உதவி. ‘மறந்துட்டுப் போடா’ என்று குடிக்க வாங்கிக் கொடுப்பது உதவியாகாது. அப்படித் தொடங்கிய குடியில் இரண்டாவது முறையாக அழிந்த குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கணவன் மனைவிக்குள் பேச்சே நின்றுவிட்டது. நாங்கள் தலையிடலாமா?

ஒருவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க விரும்புவார், மற்றவரால் அதைப் பார்க்க முடியாது. ஒருவருக்கு வேலைக்குத் திரும்பினால் மூச்சு வரும், மற்றவருக்கு அது துரோகமாகத் தெரியும். துக்கத்தில் மூழ்குவதும் அன்றாட வாழ்க்கைக்குத் திரும்புவதும் மாறிமாறி வருவதுதான் இயல்பு என்று இத்துறையில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இருவருக்கும் அது ஒரே நாளில் ஒரேபோல் வருவதில்லை என்பதே சிக்கல். இதை இருவருக்கும் எடுத்துச் சொல்லலாம். பஞ்சாயத்து வைக்க வேண்டாம். ‘உன்னாலதான்’ என்ற சொல் இருவருக்கும் நடுவே விழுந்துவிடாமல் காப்பதே உறவினரின் முதல் வேலை. மாமியாரோ நாத்தனாரோ அந்தச் சொல்லை எடுத்தால் அதைக் கணவன்தான் தடுக்க வேண்டும்.

அடுத்த பிள்ளையைப் பற்றிய பேச்சை வெளியார் எடுக்கவே கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு, குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்கு மீண்டும் கருத்தரிக்க உதவும் அறுவை சிகிச்சையை அரசே இலவசமாகச் செய்து கொடுத்தது. நாகப்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு அது ஒரு வழியைத் திறந்தது. அப்படிப் பிறக்கும் பிள்ளை தனி ஒரு பிள்ளை. ‘போனவனே திரும்பி வந்துட்டான்’ என்று சொல்லி இறந்த பிள்ளையின் பெயரையே வைக்கச் சொல்வது, வளரப்போகிற பிள்ளையின் தோளில் சுமையை ஏற்றுவதாகும்.

உடன்பிறந்த பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

‘தூங்குறான்’, ‘ஊருக்குப் போயிருக்கான்’, ‘சாமிகிட்டப் போயிட்டான்’ என்று சொன்னால், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை திரும்பி வருவான் என்று வாசலில் உட்கார்ந்திருக்கும். தூங்கவே பயப்படும் பிள்ளைகளும் உண்டு. ‘அண்ணன் செத்துப்போயிட்டான். அவன் உடம்பு இனிமே மூச்சு விடாது, அவனுக்கு வலிக்காது, அவனால திரும்பி வர முடியாது’ என்று எளிய சொற்களில், மடியில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஒரே கேள்வியை இருபது முறை கேட்கும். இருபது முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அழுதுவிட்டு அடுத்த நிமிடமே விளையாடப் போகும். அது பிள்ளைகள் துக்கப்படும் முறை.

தான் சண்டை போட்டதால், ‘செத்துப்போ’ என்று திட்டியதால் இப்படி ஆகிவிட்டது என்று ஆறேழு வயதுப் பிள்ளைகள் மனத்துக்குள் நம்பிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பதுண்டு. கேட்காவிட்டாலும் ‘இது உன்னால் நடந்தது இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். மூத்த பிள்ளையிடம் ‘இனிமே அம்மாவை நீதான் பாத்துக்கணும், அழாதே’ என்று சொல்லாதீர்கள். அவனும் ஒரு துணையை இழந்தவன்.

பள்ளி ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் வரும் இடத்தை, வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லாமல் தாண்டிப் போகாதீர்கள். முதல் நாளிலேயே நடந்ததைச் சொல்லி, அழ விரும்பும் பிள்ளைகளை அழவிட்டு, படமோ கடிதமோ எழுதச் சொல்லி, அவற்றைக் கட்டிப் பெற்றோரிடம் நேரில் கொடுங்கள். பிள்ளையின் நோட்டுகள், ஓவியங்கள், சாப்பாட்டு டப்பா ஆகியவற்றைப் பியூன் மூலம் அனுப்பாமல் வகுப்பாசிரியரே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. திருத்தி முடிக்காத தேர்வுத்தாள் இருந்தால் திருத்தி, மதிப்பெண் போட்டே கொடுங்கள்.

நீரில் மூழ்கியோ விபத்திலோ இறந்தால் காவல்துறை, உடற்கூறாய்வு என்று அலைய வேண்டியிருக்கிறதே?

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கான வழக்கமான நாள். அதிலிருந்து ஆடிப்பெருக்குவரை வாய்க்கால், மதகு, கொள்ளிடம் மணல்குழி என்று நம் பகுதியில் பிள்ளைகள் தண்ணீரில் போவது தொடர்கிறது. நீரில் மூழ்கல், பாம்புக்கடி, விபத்து போன்ற இயற்கையல்லாத மரணங்களில் காவல்துறை விசாரணையும் உடற்கூறாய்வும் சட்டப்படி நடைபெறும். அது பெற்றோரைக் குற்றவாளியாகப் பார்ப்பது இல்லை என்பதை அவர்களுக்கு யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும். சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் இதற்கென்றே பொறுப்பேற்று, எல்லாத் தாள்களிலும் இரண்டு நகல் எடுத்து ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். பிணவறை வாசலில் தந்தையைத் தனியாக உட்காரவிடாதீர்கள்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நிகழ்ந்தால் அவர்களே பதிவாளருக்குத் தெரிவிப்பார்கள். கிராமத்தில் வீட்டில் நிகழ்ந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். பிறந்து சில நாளே இருந்த குழந்தைக்குப் பிறப்பும் இறப்பும் இரண்டுமே பதிவாக வேண்டும். அந்தப் பிறப்புச் சான்றிதழைச் சில தாய்மார்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியொரு பிள்ளை இருந்தது என்பதற்கு அவர்களிடம் உள்ள ஒரே சாட்சி அது. குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்குவதற்கு யாரும் தாயை அழைத்துக்கொண்டு போக வேண்டாம்.

பிள்ளை தன்னுயிரை மாய்த்துக்கொண்டால்?

தேர்வு முடிவுகள் வரும் காலத்தில் இந்தத் துக்கம் நம் ஊர்களிலும் விழுகிறது. காரணம் இதுதான் என்று ஊர் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மதிப்பெண்ணோ ஒரு திட்டோ மட்டும் ஓர் உயிரை எடுப்பதில்லை, பல காரணங்கள் சேர்ந்தே அங்கே கொண்டுபோகின்றன. எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள், கடிதம் இருந்ததா என்று கேட்காதீர்கள், கைப்பேசியில் படத்தைப் பரப்பாதீர்கள். அந்த வீட்டுக்கும் மற்றத் துக்க வீட்டுக்குப் போவதுபோலவே போங்கள். அங்கே பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் அதே எண்ணம் வரும் வாய்ப்பு அதிகம். ‘உனக்கும் அப்படித் தோணுதா?’ என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், உடனே மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

இந்தத் துக்கம் எத்தனை நாளில் தீரும்? மருத்துவரிடம் போக வேண்டிய நிலை எது?

தீர்வதற்குக் கெடு கிடையாது. முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டு கடினமாக இருந்தது என்று பலர் சொல்கிறார்கள். முதல் ஆண்டில் உடன் இருந்தவர்கள் அப்போது இருப்பதில்லை. பிள்ளையின் குரல் கேட்பது போலிருப்பது, சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவிடுவது, கல்யாண வீட்டில் திடீரென்று எழுந்து வந்துவிடுவது ஆகியவை நோய் இல்லை. அலமாரியில் உள்ள சட்டைகளை எப்போது எடுப்பது என்பதும் அவர்கள் விருப்பம். ‘வீட்டில் வைச்சிருக்கக் கூடாது’ என்று சொல்லி, அவர்கள் இல்லாத நேரத்தில் எடுத்துப்போய் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். எங்கள் மகளின் பாவாடை ஒன்று இன்னும் துவைக்கப்படாமல் பெட்டியில் இருக்கிறது.

ஆனால் மாதங்கள் பல கடந்தும் எழ முடியாமல், சாப்பிட முடியாமல், மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போனால் உதவி தேவை. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில், ஆறு மாதத்துக்கு மேலும் கடுமை குறையாமல் வாழ்க்கையை முடக்கும் துக்கத்தைச் சிகிச்சை தேவைப்படும் தனி நிலையாகச் சேர்த்திருக்கிறது. அந்தந்தச் சமூகத்தின் துக்க வழக்கத்தை மீறியதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதிலேயே உள்ளது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஆறு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் என்ற பேச்சுக்கு அஞ்சித் தயங்குபவர்களோடு கூடப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நில்லுங்கள்.

தாத்தா பாட்டியை யாரும் கவனிப்பதில்லையே?

உண்மைதான். ‘நான் இருக்க, அது போச்சே’ என்ற சொல்லோடு அவர்கள் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பேரப்பிள்ளையையும் இழந்து, தம் பிள்ளை துடிப்பதையும் பார்க்கிற இரட்டைத் துக்கம் அவர்களுடையது. மாத்திரைகளை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள், பேசவிடுங்கள்.

ஆண்டு நினைவுநாளில் என்ன செய்வது?

நினைவில் வைத்திருப்பதே முதல் உதவி. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் மாண்டார்கள். அவர்களுடைய பெற்றோர் ஆண்டுதோறும் அந்த நாளில் படங்களுக்கு முன் விளக்கேற்றி, பிள்ளைகளுக்குப் பிடித்த தின்பண்டங்களை வைத்து அழுகிறார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 ஆம் தேதி சுனாமியில் கடல் கொண்டுபோன பிள்ளைகளுக்காக நாகப்பட்டினம் கரையோர ஊர்களில் கடலில் பாலூற்றி மலர் தூவுகிறார்கள். அங்கே துக்கத்துக்கு ஊர் சாட்சியாக நிற்கிறது. தனி வீட்டில் தனியாக ஒரு பிள்ளையை இழந்தவர்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு, இறந்த நாளிலும் பிறந்த நாளிலும் ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதமும், புதுத்துணி எடுக்கும் தீபாவளியும், உடன் படித்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஆண்டும் அவர்களுக்குக் கடக்க அரிய நாட்கள்.

நாங்களே பிள்ளையை இழந்தவர்கள். இன்னொரு வீட்டுக்குத் துணையாகப் போகலாமா?

போகலாம், உங்கள் காலை எடுத்து அந்தப் படியில் வைக்கும்போதே அவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். ஆனால் முதல் ஓராண்டு, இரண்டாண்டு வேண்டாம். போகும்போது இருவராகப் போங்கள்; முதல் சந்திப்பில் உங்கள் கதையைச் சொல்லாதீர்கள், அவர்கள் கேட்டால் மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள். ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?’ என்று வெளியார் கேட்டால் என்ன சொல்வது என்பதைத்தான் பெரும்பாலோர் எங்களிடம் முதலில் கேட்கிறார்கள். என் மனைவி ‘ரெண்டு. பெரியவ இல்லை, சின்னவன் படிக்கிறான்’ என்று சொல்லுவாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சில நாள் ‘ஒரு பையன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளின் படத்துக்கு முன் சற்று நேரம் நிற்பாள். இரண்டு பதிலும் சரி என்று அவர்களுக்குச் சொல்கிறோம்.